முதல் சபையில் ஒரு நாற்காலி

"செகண்டா? ஏன் செகண்ட்?" என்று அன்வர் பாட்சா ஃப்ரிட்ஜைப் பார்த்துக் கேட்டார்.

ஃப்ரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில் ஒரு காகிதம் தொங்கியது. மகள் ஆஃபீஃபாவின் பத்தாம் வகுப்பு வரலாற்று ப்ராஜெக்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வூர்ட்டம்பெர்க் என்ற ஜெர்மானிய ராஜ்யத்தில் ஒரு சட்டசபை இருந்ததாம். அதை வகுப்பிலுள்ள இருபத்தெட்டுப் பேரும் சேர்ந்து நடத்திக் காட்டப் போகிறார்கள். முதல் சபையில் எட்டுப் பேர். பிரபுக்கள், பரம்பரைப் பதவி. இரண்டாம் சபையில் இருபது பேர், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். யார் எந்தச் சபை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்திருந்தார்கள். ஆஃபீஃபாவுக்கு விழுந்தது இரண்டாம் சபை.

"இட்ஸ் ஜஸ்ட் எ ரோல், அத்தா," என்றாள் ஆஃபீஃபா, கிண்ணத்தில் பால் ஊற்றிக்கொண்டே.

அவள் அதிகம் பேசமாட்டாள். கல்யாண வீட்டில் யாராவது "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். ஐந்தாம் வகுப்பு நாடகத்தில் மரமாக நின்று, மிக நன்றாக நின்றதற்காகப் பாராட்டு வாங்கியவள். அன்வருக்கு அதுதான் கவலை. திண்டுக்கல்லிலிருந்து அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகியும், மருந்துக் கம்பெனி மீட்டிங்கில் அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் பேசி முடித்து உட்கார்ந்துவிடுவார். மகளும் தன்னைப் போலவே ஆகிவிடுவாளோ என்று அவர் பயந்தார். வாய் இல்லாத பிள்ளைக்கு நாற்காலியாவது உயரமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"ஃபர்ஸ்ட்னு ஒண்ணு இருக்கறப்ப நாம எதுக்கு செகண்ட்ல உக்காரணும்?"

"புள்ளை எதுவும் கேக்கலையே. நீங்க ஏன் துள்ளுறீங்க?" என்றாள் அவர் மனைவி ஷம்சாத்.

துள்ளாமல் இருப்பது அன்வருக்கு வராது. மகள் பஸ் ஏறியதும் வரலாற்று ஆசிரியை மிஸ் ஹார்ப்பருக்கு ஓர் ஈமெயில் எழுதினார். ஆஃபீஃபாவின் கணக்கு மார்க், ஸ்பெல்லிங் பீ சான்றிதழ் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். காகிதத்தில் 'பரம்பரை' என்று போட்டிருந்ததால், தன் பாட்டனார் திண்டுக்கல் பூட்டு வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தவர் என்பதையும் சேர்த்தார்.

ஒரு மணி நேரமாகியும் பதில் இல்லை. அந்த ஒரு மணி நேரம் சும்மா இருந்திருக்கலாம். பெற்றோர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு கேள்வியைப் போட்டார்: 'ஃபர்ஸ்ட் சேம்பர், செகண்ட் சேம்பர், என்ன வித்தியாசம்? ஹானர்ஸ் கிளாஸ் மாதிரியா? யாருக்காவது தெரியுமா?'

இரண்டாவது நிமிடம் போன் அடித்தது. நாலு பில்டிங் தள்ளிக் குடியிருக்கும் பாலசுப்ரமணியன்.

"பாய், என்ன இது? அனிருத்தும் செகண்ட்லதான் இருக்கான்! காலேஜ் அப்ளிகேஷன்ல இதெல்லாம் வருமா?"

"தெரியல பாலு சார். எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஈமெயில் போட்டு வச்சேன்."

"போட்டுட்டீங்களா!" என்ற அலறலோடு போன் துண்டிக்கப்பட்டது.

அன்று மாலைக்குள் மிஸ் ஹார்ப்பருக்குப் பதினோரு ஈமெயில்கள் போய்ச் சேர்ந்தன. அதில் ஒன்றில் பையனின் கராத்தே வீடியோகூட இருந்ததாகக் கேள்வி.

மறுநாள், வியாழக்கிழமை, பதில் வந்தது. மிஸ் ஹார்ப்பர் அந்த ராஜ்யத்தின் மன்னராகவே மாறி எழுதியிருந்தார். 'மன்னர் உங்கள் விண்ணப்பங்களைப் படித்தார். முதலில் வந்த ஆறு பேருக்கு முதல் சபையில் இடமளிக்கிறார். ஏற்கெனவே பிரபுக்களாக இருந்த மாணவர்கள் மகிழ்ச்சியோடு இடத்தை விட்டுக்கொடுத்தார்கள்.' ஆறு பெயர்களில் முதல் பெயர் ஆஃபீஃபா. பிறகு அனிருத், சுஹாஸ், தீக்ஷா, தீபக், இனியன்.

'மகிழ்ச்சியோடு' என்ற சொல்லில் அன்வர் கொஞ்சம் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. நேரே எடிசன் போய், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஆஃபீஃபா! ஃபர்ஸ்ட் சேம்பர் கெடச்சிருச்சு!"

"ஐ நோ," என்றாள் அவள். பெட்டியைத் திறக்கவில்லை.

"ஏம்மா, சந்தோஷமா இல்லையா?"

"ஐ வாஸ் தி பிரசிடென்ட், அத்தா."

"எதுக்கு?"

"செகண்ட் சேம்பருக்கு. நேத்து கிளாஸ்ல எலெக்‌ஷன் நடந்துச்சு. ஐ காட் ஃபோர்ட்டீன் வோட்ஸ்."

அடுப்படியில் ஷம்சாத்தின் கரண்டி நின்றது.

"நீயா? எல்லார் முன்னாடியும் பேசினியா?"

"த்ரீ மினிட்ஸ்."

"எதைப் பத்தி?"

"பன்னி."

பிறகு ஆஃபீஃபா, அந்த வீட்டில் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சைப் பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாகப் பேசினாள். அந்தக் காலத்தில் காட்டில் வேட்டையாடும் உரிமை பிரபுக்களுக்குத்தானாம். காட்டுப் பன்றி வந்து விவசாயியின் வயலைத் தின்றுவிட்டுப் போகும். விவசாயி அதைத் தொட்டால் தண்டனை. தன் வயலுக்குள் வந்த பன்றியை விவசாயியே சுடலாம் என்று ஆஃபீஃபா ஒரு மசோதா எழுதியிருந்தாள். அதைச் சொல்லித்தான் ஓட்டு வாங்கியிருந்தாள்.

"அல்லா! எம் பொண்ணு பன்னிக்காகவா பேசினா?" என்றாள் ஷம்சாத்.

"பன்னிக்கு எதிரா, அம்மா."

"அப்ப சரி."

அன்வர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இப்ப ஃபர்ஸ்ட் சேம்பர்ல நீ என்ன பண்ணணும்?"

"நத்திங். உக்காந்திருக்கணும். செகண்ட் சேம்பர் அனுப்புற பில்லுக்கெல்லாம் நோ சொல்லணும்."

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படாரென்று சாத்தியிருந்தால்கூட அன்வருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினாள்.

"பதினாலு பேர் அவளை நம்பி ஓட்டுப் போட்டிருக்காங்க," என்றாள் ஷம்சாத். "ஒத்த ஈமெயில்ல அத்தனையையும் தொலைச்சிட்டு, கையில மைசூர்பாகோட வந்து நிக்கிறீங்க."

நாற்பத்தேழு வயது வரை அன்வருக்கு யாரும் எதற்கும் ஓட்டுப் போட்டதில்லை. பேசாத பிள்ளை என்று அவர் கவலைப்பட்ட மகள், எழுந்து நின்று பேசி, ஜெயித்தும் வந்திருக்கிறாள். அவர் போய் அவளைப் பேசக் கூடாத இடத்தில் உட்கார வைத்துவிட்டார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வரும்போல இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, மகளைப் பழையபடி இரண்டாம் சபைக்கே அனுப்பிவிடுமாறு மிஸ் ஹார்ப்பருக்கு எழுதினார். எட்டு ஐந்துக்குப் பதில் வந்தது. 'மன்னர் அளித்த பரம்பரைப் பதவியைத் திரும்பப் பெறுவதற்கில்லை. உங்கள் வம்சம் உள்ளவரை அது நீடிக்கும். வாழ்த்துகள். சபை வெள்ளிக்கிழமை பத்து நாற்பதுக்குக் கூடுகிறது.'

சரி, பதவிதான் போயிற்று, மசோதாவையாவது காப்பாற்றுவோம் என்று அன்வர் பாலசுப்ரமணியனைக் கூப்பிட்டார்.

"பாலு சார், ஒரு சின்ன ஹெல்ப். வெள்ளிக்கிழமை பன்னி மசோதா வருது. அனிருத்தை எஸ் சொல்லச் சொல்லுங்க."

"எஸ்ஸா? எப்படி பாய்? பிரபுக்கள்லாம் உரிமையை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு ரோல் கார்டுல இருக்காமே. நோ சொன்னாத்தான் மார்க். நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க."

ஐந்து நிமிடத்தில் குரூப்பில் பாலசுப்ரமணியனின் செய்தி வந்து விழுந்தது. 'முக்கியம்: முதல் சபைப் பிள்ளைகள் அனைவரும் வெள்ளிக்கிழமை NO சொல்ல வேண்டும். மறக்க வேண்டாம்.' அதற்குக் கீழே நான்கு கட்டைவிரல்கள்.

அதுவரை நோ சொல்வது பற்றி நினைத்தே பார்க்காத பிள்ளைகள்கூட இப்போது கட்டாயம் நோ சொல்லும். எட்டில் ஐந்து. மசோதாவைக் கொன்று புதைத்தாகிவிட்டது. குழி வெட்டியது அன்வர்தான்.

இரண்டு நாள் அவர் வீட்டில் தலைகுனிந்து நடமாடினார். ஆஃபீஃபா சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பிவைத்து எதையோ எழுதிக்கொண்டும், போனில் யாருக்கோ தட்டிக்கொண்டும் இருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அன்வர் வேலையிலிருந்து வந்து, வழக்கமான நாற்காலியில், வழக்கமான டீயோடு உட்கார்ந்தார். எதிரே மகளின் காகிதங்கள் கிடந்தன. மேலே இருந்தது அந்த ராஜ்யத்து அரசியல் சட்டத்தின் சுருக்கம், நாலாவது பக்கம். அதில் ஒரே ஒரு பத்தியில் மட்டும் மஞ்சள் மை தடவியிருந்தது. படித்தார்.

'ஒரு சபைக்குப் பாதி உறுப்பினர்களாவது வராவிட்டால், மறு சபை எடுக்கும் முடிவுக்கு அந்தச் சபை சம்மதித்ததாகவே கொள்ளப்படும். அப்படி வந்திருக்கும் சிலர், மறு சபைக்குப் போய் அங்கே அமர்ந்து வாக்களிக்கலாம்.'

அன்வர் டீயை வைத்துவிட்டு விரலை மடக்கினார். பிரபுக்கள் எட்டுப் பேர். பாதி என்றால் நாலு. ஐந்து பேர் வராமல் போனால் மீதி மூன்று. சபை செல்லாது. மசோதா பாஸ். ஆஃபீஃபா எழுந்து இரண்டாம் சபைக்கே போய் உட்காரலாம், பேசலாம்!

"ஷம்சாத்!" என்று கத்தினார். "எனக்கு மூளை இருக்கு!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ஷம்சாத், அடுப்படியிலிருந்து.

ஆனால் இந்தியப் பெற்றோர் ஐந்து பேரிடம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பீரியட் கூட்டிக்கொண்டு போகச் சொல்வதைவிட, கிட்னி கேட்பது சுலபம். வியாழக்கிழமை இதைக் கேட்டதும் பாலசுப்ரமணியன் ஆடிப்போனார்.

"அட்டெண்டன்ஸ் பாய்! அனிருத் கிண்டர்கார்டன்லேர்ந்து ஒரு நாள் லீவு போட்டதில்ல. ஜுரத்தோட அனுப்பியிருக்கேன்!"

"ஒரே ஒரு பீரியட் சார். டென்டிஸ்ட்னு சொன்னா எக்ஸ்க்யூஸ் பண்ணிருவாங்க. அப்புறமா ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தா மார்க்கும் வந்துரும்."

"எதுக்கு இதெல்லாம்?"

அன்வர் சுற்றி வளைக்கவில்லை. "எம் பொண்ணு பேசி ஜெயிச்ச எடத்த நான் புடுங்கிட்டேன் சார். அத அவளுக்குத் திருப்பிக் குடுக்கணும்."



"நம்ம ஊர்ல மேலவையக் கலைச்சே நாப்பது வருஷம் ஆகப்போறது பாய்," என்றார் பாலசுப்ரமணியன். "நாம இங்க வந்து அதுல சீட்டுக்கு அடிச்சுண்டிருக்கோம். அனிருத்தும் ஒரு வாரமா என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. சரி, வரேன். ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க."

"ஷம்சாத் மேடம் பிரியாணி. ஒரு டப்பா. ஆத்துல விசாலாக்ஷிக்குத் தெரிய வேண்டாம். கார்லயே சாப்ட்டுக்கறேன்."

ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். மாலைக்குள் ஐந்து அப்பாக்களும் ஒப்புக்கொண்டார்கள். ஐந்து டப்பா பிரியாணிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஷம்சாத்திடம் சொல்வதற்குத்தான் அன்வருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அஞ்சு வீட்டுக்கா? ஒரே நாள்லயா? சீரகச் சம்பா இருக்கா இல்லையான்னு பாத்தீங்களா?" என்று ஷம்சாத் எகிறினாள். பிறகு அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தாள். "அந்தப் பதினாலு ஓட்டுக்காகத்தான் ஆக்குறேன். உங்களுக்காக இல்ல."

வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்கே அன்வர் பள்ளி அலுவலகத்துக்கு வந்துவிட்டார். ஐந்து பேரும் ஒழுங்காக வருகிறார்களா என்று பார்க்க வேண்டுமே. வருகைப்பதிவு மேஜையில் இருந்த மிஸஸ் டெல்காடோ அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்காமல், சுவரோரம் கிடந்த நாற்காலியைக் காட்டினார். அமெரிக்காவில் இன்னும் மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அன்வர் உட்கார்ந்தார்.

முதலில் பாலசுப்ரமணியன் வந்தார். கன்னத்தில் கையை வைத்து, முகத்தைக் கோணிக்கொண்டு வந்தார்.

"பல்லு வலி உங்களுக்கில்ல சார், அனிருத்துக்கு," என்று அன்வர் கிசுகிசுத்தார்.

பாலசுப்ரமணியன் கையை எடுத்துவிட்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனத்தைத் தொடங்கினார். மிஸஸ் டெல்காடோ அதற்குள் டிராயரிலிருந்து ஒரு ஸ்லிப்பை எடுத்து நீட்டினார். "இங்கே கையெழுத்து." அவ்வளவுதான். காரணம்கூடக் கேட்கவில்லை. பாலசுப்ரமணியனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அனிருத் ஏற்கெனவே ஜாக்கெட் போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். "ஹாய் அங்கிள்," என்று அன்வரைப் பார்த்துச் சிரித்தான். அடுத்தடுத்து சுஹாஸின் அப்பா, தீக்ஷாவின் அப்பா, தீபக்கின் அப்பா. ஒவ்வொருவருக்கும் டிராயரிலிருந்து ஒரு ஸ்லிப், ஒரு கையெழுத்து. பிள்ளைகள் வெளியே, பிரியாணி டப்பா அப்பாக்கள் கையில்.

நாலு பேர் ஆயிற்று. பத்து முப்பத்தாறு. இனியனின் அப்பா அகிலனைக் காணோம்.

நாலு பேர் போனால் உள்ளே மீதி நாலு பேர். பாதி இருந்தாலே சபை செல்லும். மசோதா செத்துவிடும். அன்வர் எழுந்து நின்று போனை எடுத்தார்.

"அகிலன், எங்க இருக்கீங்க?"

"ஸ்கூல்லதான் பாய் நிக்கிறேன். இனியன்னு இங்க யாருமே இல்லன்னு சொல்றாங்க!"

"எந்த ஸ்கூல்?"

"மிடில் ஸ்கூல்."

"அவன் ஹைஸ்கூல் வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு அகிலன்!"

"அப்படியா?" என்றார் அகிலன். "டிராப்லாம் வொய்ஃப்தான் பாய் பாத்துக்குவாங்க."

பத்து நாற்பது. மணி அடித்தது. தாழ்வாரம் வெறிச்சோடியது. இனியன் வாசலில் பையோடு நின்றான். அப்பா கையெழுத்துப் போடாமல் அவனை வெளியே விடமுடியாது. அன்வர் கையெழுத்துப் போட்டு அழைத்துப்போகக் கூடிய ஒரே பிள்ளை ஆஃபீஃபாதான். அவளே போய்விட்டால் எல்லாம் எதற்கு? சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. 'யா அல்லா, ஒரே ஒரு அகிலனை அனுப்பு' என்று அவர் துஆ கேட்டார்.

பத்து நாற்பத்தாறுக்கு அகிலன் மூச்சிரைக்க ஓடிவந்தார். ஸ்லிப், கையெழுத்து. இனியன் அப்பாவை வெளியே இழுத்துக்கொண்டு ஓடினான்.

அன்வர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். அரை மணி நேரம் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தின் கோடியில் திடீரென்று கைதட்டும் சத்தம் கேட்டது. மேஜைகளைத் தட்டும் சத்தமும் சேர்ந்துகொண்டது. கையிலிருந்த போன் அதிர்ந்தது.

ஆஃபீஃபாவின் செய்தி. 'பில் பாஸ்டு. 17 டு 6. நாங்க மூணு பேரும் அங்க போய் உக்காந்தோம். ஐ ஸ்போக், அத்தா.'

அன்வர் அதை நாலு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நனைந்திருந்தது கண்ணாடி இல்லை. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போயே போய்விட்டது. ஷம்சாத்துக்குப் போன் போட்டார். "பன்னி தோத்துருச்சு!" என்றார். அந்தப் பக்கம் ஷம்சாத் சிரித்ததில் குக்கர் விசில்கூடக் கேட்கவில்லை.

மகளின் காரியம் முடிந்தது. அதுவும் தன் மூளையால் முடிந்தது. புதன்கிழமை சாயங்காலம் டீயோடு உட்கார்ந்த அந்த நிமிடத்தை நினைத்தபோது அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. போகிற போக்கில், மிஸஸ் டெல்காடோவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுவதுதான் முறை என்று தோன்றியது. மேஜைக்குப் போய், ஒரே நாளில் ஐந்து பிள்ளைகளுக்குப் பல் வலி வந்ததில் உங்களுக்குத்தான் வீண் சிரமம் என்று ஆங்கிலத்தில் இழுத்தார்.

மிஸஸ் டெல்காடோ சிரித்தார்.

"எனக்கென்ன சிரமம்? உங்க பொண்ணு திங்கட்கிழமையே அஞ்சு ஸ்லிப்பையும் எழுதிக் குடுத்துட்டாளே! வெள்ளிக்கிழமை அஞ்சு அப்பாக்கள் வருவாங்க, கையெழுத்து மட்டும் வாங்கிக்கோங்கன்னா. ஆறாவதா ஒருத்தர் வேர்த்து விறுவிறுத்து நிப்பார், அவர்தான் எங்க அப்பா, அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டுடுங்கன்னும் சொன்னா."